பயிற்சிக்குப் போகும் முன் ஆறாம் வகுப்பில் போய் உட்காருங்கள்

கேள்வி: காவிரிப் படுகை மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். வயது 54. கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருந்து பதவி உயர்வில் வந்தவள். பள்ளித் தலைமைத்துவமும் புதிய தொழில்நுட்பமும் பற்றிய ஐந்து நாள் உறைவிடப் பயிற்சிக்கான பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. போக மனம் வரவில்லை. இதுவரை போன பயிற்சிகளில் திரையில் பிபிடி பார்த்தோம், டீ குடித்தோம், பின்தேர்வு எழுதினோம், திரும்பினோம். எனக்குக் கணினியும் அவ்வளவாக வராது. பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவுகளைக்கூட ஓர் இளம் ஆசிரியைதான் செய்து தருகிறார். அங்கே போய் இளையவர்கள் முன் முழித்துக்கொண்டு நிற்பதைவிட, இங்கே இருந்து பத்தாம் வகுப்பைக் கவனிக்கலாமே என்று தோன்றுகிறது. ஓய்வு பெற இன்னும் ஆறு ஆண்டுதான். இந்த வயதில் எனக்கு எதற்கு? திரும்பி வந்ததும் மாவட்டத்தில் மற்ற தலைமை ஆசிரியர்களுக்கு நானே பயிற்சி தர வேண்டுமாம். என்ன செய்யட்டும் அம்மா?

பதில்: போங்கள், டீச்சர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எதைத் தேடிப் போவது, வந்து என்ன செய்வது என்பதைத்தான் இனிப் பேச வேண்டும்.

உங்கள் சலிப்பு நியாயமானது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், நாம் டயட் என்று சொல்லும் இடத்தில், விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கூடங்களில் மேடைப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மலைப்பள்ளியிலிருந்து வந்தவருக்கும் நகராட்சிப் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் ஒரே பிபிடி. நாற்பது பேர் படிக்கும் பள்ளிக்கும் நானூறு பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே செயல்திட்டப் படிவம். அதைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுப் போனால், ‘அந்தத் திட்டம் என்ன ஆயிற்று?’ என்று ஆறு மாதம் கழித்துக் கேட்க ஆளிருக்காது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் பணியிடைப் பயிற்சி பற்றி 1980-லேயே ஒன்றைத் தெளிவாக எழுதினார்கள். கருத்தைச் சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும், கற்பவர் செய்து பார்க்க வேண்டும், அதற்குக் கருத்துச் சொல்ல வேண்டும், இவ்வளவும் முடிந்து அவர் தம் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் கூடவே ஒருவர் துணை நிற்க வேண்டும் என்றார்கள். நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு முடிந்துவிடுகின்றன. கடைசியாகச் சொன்ன துணை இல்லாததால்தான் நீங்கள் கற்றதெல்லாம் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அந்தத் துணையை அனுப்புகிறவர்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் நாமே செய்துகொள்ள வேண்டும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

‘இளையவர்கள் முன் முழிப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். தலைமை ஆசிரியர் என்றால் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர், தெரியாததை வெளியே காட்டக் கூடாதவர் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆய்வுகள் சொல்வது வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் இன்னும் இருவரோடு சேர்ந்து, பள்ளித் தலைமைக்கும் மாணவர் கற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 27 ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குறிக்கோள் வகுப்பது, ஆள், பணம், பொருள் ஒதுக்குவது, கற்பித்தலைத் திட்டமிட்டுக் கண்காணிப்பது, ஆசிரியர்களின் கற்றலில் தாமும் சேர்ந்துகொள்வது, ஒழுங்கான சூழலை உறுதிசெய்வது என்று தலைமையின் வேலையை ஐந்தாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு எதற்கு இருந்தது தெரியுமா? ஆசிரியர்கள் கற்கும் இடத்தில் தலைமை ஆசிரியரும் ஒருவராக உட்கார்வதற்கு. பயிற்சிக்கு ஆளை அனுப்பிவிட்டு அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவரைவிட, கூடவே உட்கார்ந்து ‘இது எனக்கும் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்பவரின் பள்ளியில் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். எனவே கணினி வராது என்று வெட்கப்பட வேண்டாம். அதை மறைக்காமல் இருந்தால், அதுவே உங்கள் பள்ளிக்கு உதவும்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய வாரம் ஆறாம் வகுப்பில் போய் உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு ஒன்று, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் ஏசர் என்ற பெயரில் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று செய்யும் கணக்கெடுப்பின் அளவுகோல் ஏறக்குறைய இதுதான். யார் வாசித்தார், யார் எழுத்துக்கூட்டி நின்றார், யார் கழித்தலில் தடுமாறினார், யார் வகுத்தலைத் தொடவே இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்கு டீச்சர். அந்த நோட்டைப் பார்த்தால் எங்கே அடைப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு ஏன் ஆறாம் வகுப்பைச் சொல்கிறேன்? நம் உயர்நிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரின் கண் எப்போதும் பொதுத்தேர்வு மீதுதான். தேர்ச்சி விழுக்காடு கேட்டு மேலிருந்து போன் வருவதால் அப்படி ஆகிவிட்டது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நாம் மல்லுக்கட்டும் பிள்ளையின் சிக்கல் ஆறாம் வகுப்பில், சில சமயம் அதற்கும் முன்னால், தொடங்கியிருக்கும். உங்களுக்கு ஓய்வு பெற ஆறு ஆண்டு இருக்கிறது என்கிறீர்கள். இன்றைக்கு ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடிக்க ஐந்தே ஆண்டு. ஒரு வகுப்பை உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை முழுதாகப் பார்த்துவிட்டு ஓய்வு பெறும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அடிக்கடி மாறுதல் வாங்கிப் போகிற எத்தனையோ தலைமை ஆசிரியர்களுக்கு அது கிடைப்பதில்லை.

அந்த நோட்டோடு பயிற்சிக்குப் போங்கள். தொழில்நுட்பம் பற்றிய அமர்வுகளில் அது உங்களுக்குத் துணை நிற்கும். திரையும் ரோபோவும் மெய்நிகர் கண்ணாடியும் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் மனதில் ஓடவேண்டியது ஒரே கேள்விதான்: ‘என் நோட்டில் இருக்கும் இந்தப் பிள்ளைக்கு இது என்ன செய்யும்?’

இதில் இரண்டு அனுபவங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அறிக்கை, கணினிகள் பள்ளிகளில் நிறைந்தன, பிள்ளைகளும் அவற்றைப் பயன்படுத்தினார்கள், ஆனால் கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. கருவி வந்ததே தவிரக் கற்பித்தல் மாறவில்லை.

மற்றொன்று நம் தில்லியில் நடந்தது. மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி வழிக் கற்றல் மென்பொருளை, பள்ளி நேரத்துக்குப் பிறகு இயங்கிய மையங்களில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் இதைப் பற்றி எழுதிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததையும், அந்த இடைவெளி மேல் வகுப்புகளில் கூடிக்கொண்டே போவதையும் அதே ஆய்வு காட்டியது. அந்த மென்பொருள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைக் காட்டவில்லை. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒவ்வொரு நாளும் 90 நிமிடம். அதில் 45 நிமிடம் கணினி, மீதி 45 நிமிடம் சிறு குழுவில் ஓர் ஆளோடு. கருவியை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பயிற்சியில் கேட்கவேண்டிய கேள்விகள் தாமாக வரும். ‘இந்தச் செயலி பிள்ளையின் நிலையறிந்து மாறுமா, எல்லோருக்கும் ஒரே காணொளியா? தமிழில் எவ்வளவு இருக்கிறது? இணையம் இல்லாதபோது ஓடுமா? வாரத்துக்கு எத்தனை பாடவேளை வேண்டும், அது யாருடைய பாடவேளை?’ உங்கள் பள்ளியிலும் ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருக்கும். போவதற்கு முன் ஒரு நாள் அதன் வாசலில் நின்று பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, இணையவழித் தேர்வு இல்லாத நாளில் அறை திறக்கிறதா, ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பல பள்ளிகளில் மவுஸ் பையன்கள் கையிலேயே இருக்கும், பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இதைச் சரிசெய்யக் கணினி அறிவே தேவையில்லை. தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கட்டாயம் ஓர் அமர்வாவது வைப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். உங்களுக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியை, மூன்றாம் வகுப்பு அளவில் வாசிக்கும் பிள்ளைக்கு ஏற்ற எளிய தமிழில் பத்து வரியில் எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் உட்கார்ந்து எழுதினால் ஒரு மணி நேரம் ஆகும் வேலைக்கு நொடியில் வரைவு வந்துவிடும். வரைவுதான். பாடநூலில் இருக்கும் கலைச்சொல் ஒன்றாகவும் அது எழுதித் தரும் சொல் வேறாகவும் இருக்கும், ஒற்றுப்பிழை இருக்கும், சில சமயம் தகவலே தவறாக இருக்கும். ஆசிரியர் வரிக்கு வரி படித்துத் திருத்தாமல் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளை மாணவர்களே பயன்படுத்துவதற்கு 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாகக் கொள்ளச் சொல்கிறது. உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினொன்று. ஆகவே ஆசிரியர் பயன்படுத்தட்டும், பிள்ளைகள் பொறுத்திருக்கட்டும்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், எமிஸ் எண், சாதி, வீட்டுச் சூழல், உடல்நலக் குறைபாடு எதையும் இந்தக் கருவிகளில் உள்ளிடாதீர்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மதிப்பெண் பட்டியலை அப்படியே ஏற்றும் பழக்கம் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன். ஒரு பெற்றோர் நம்மை நம்பிச் சொன்ன குடும்ப விஷயம் அது.

தலைமைத்துவ அமர்வுகளைப் பொறுத்தவரை, தில்லியில் நியேபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் வகுத்த பாடத்திட்டம் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. தலைமை பற்றிய பார்வை, தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்குவது, புதுமைகளை முன்னெடுப்பது, பெற்றோர் மற்றும் ஊரோடு உறவு, நிர்வாகம் என்று ஏழு பகுதிகள். உங்கள் பயிற்சியும் ஏறக்குறைய இந்தத் தடத்தில்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு கேட்க யாராலும் முடியாது. கற்றல் கற்பித்தலை மாற்றுவதற்கும் குழுவை உருவாக்குவதற்கும் முழுக் கவனத்தையும் கொடுங்கள். நிர்வாக அமர்வில் சொல்வதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கணினிச் செய்முறையின்போது பக்கத்தில் இருப்பவர் உதவுகிறேன் என்று மவுஸை வாங்கிக்கொள்வார். அன்புக்காகத்தான் செய்வார். ‘நீங்கள் சொல்லுங்கள் சார், நான் செய்கிறேன்’ என்று சொல்லி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் எல்லா பிபிடியையும் நகலெடுத்துக்கொண்டு வருவதில் பெரிதாகப் பயனில்லை. அதைவிட, உங்கள் பள்ளி போலவே உள்ள பள்ளியிலிருந்து வந்திருக்கும் இரண்டு தலைமை ஆசிரியர்களைத் தேடிப் பிடியுங்கள். அதே அளவு பள்ளி, அதே மாதிரி பிள்ளைகள். உறைவிடப் பயிற்சியின் பெரிய நன்மையே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அந்தப் பேச்சு. திரும்பிய பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூவரும் போனில் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஜாய்ஸும் ஷவர்ஸும் சொன்ன துணையை நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றேனே, அது இதுதான்.

பள்ளிப் பொறுப்பை யாரிடம் விடுவது என்ற கவலை எனக்குப் புரிகிறது. பயிற்சி நாட்கள் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வோடோ திருப்புதல் தேர்வோடோ மோதினால், அடுத்த பயிற்சி அணியில் அனுப்பும்படி காரணத்தை எழுதி முறையாகக் கேளுங்கள். அதில் தவறில்லை. மோதவில்லை என்றால் மூத்த ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். சத்துணவு, வருகைப் பதிவு, மாற்றுப் பாடவேளை, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிறகு மணிக்கொரு தடவை போன் செய்யாதீர்கள். தலைமைத்துவம் கற்கப் போகிறவர் தம் பள்ளியில் இன்னொருவர் அதைப் பழக இடம் கொடுக்க வேண்டாமா?

திரும்பி வந்ததும் ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நாள் பாடத்தையும் ஒப்பிக்க வேண்டாம். ஆறாம் வகுப்பு நோட்டை மேசைமேல் வையுங்கள். ‘இத்தனை பேர் வாசிக்கத் திணறுகிறார்கள், இந்தப் பருவத்தில் நாம் இதை மட்டும் எடுத்துக்கொள்வோம்’ என்று சொல்லுங்கள். தமிழாசிரியர், கணித ஆசிரியர், வகுப்பாசிரியர் மூவரோடு வாரம் ஒருமுறை, மாலை மணி அடித்த பிறகு அல்லாமல் பள்ளி நேரத்துக்குள்ளேயே, அரைமணி நேரம் உட்காருங்கள். மாலையில் வைத்தால் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாரம் ஒரு பாடவேளை நீங்களே அந்த நோட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். தலைமை ஆசிரியை சாக்பீஸ் பிடிப்பதைப் பார்த்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு மாறும்.

எமிஸ் வேலை பார்க்கும் இளம் ஆசிரியையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்து பழகுங்கள். உங்களுக்குக் கற்றலாயிற்று. அதோடு, கணினி தெரிந்த பாவத்துக்கு அந்தப் பெண் எத்தனை பாடவேளையைப் பதிவேற்றத்தில் இழக்கிறார் என்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தொழில்நுட்பம் தெரிந்த இளம் ஆசிரியர்களை நம் பள்ளிகள் எழுத்தர்களாக்கி வைத்திருக்கின்றன. இது எனக்குப் பெரிய வருத்தம். அந்த வேலையை மூன்று நான்கு பேருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, அவரை வகுப்பறைக்கு அனுப்புங்கள். ஹைடெக் லேபில் ஆறாம் வகுப்போடு எதைச் செய்து பார்க்கலாம் என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, மற்ற தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி. மாநிலத்தில் ஐந்து நாள் நடந்தது மாவட்டத்தில் இரண்டு நாளாகும், வட்டாரத்தில் அரை நாளாகும், கடைசியில் இருப்பவருக்குத் தலைப்புகள் மட்டும் போய்ச் சேரும். அந்தச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணியாக வேண்டாம். பயிற்சி தரும் முதன்மைக் கருத்தாளராக உங்களை அழைக்கும்போது, வருகிறவர்கள் எல்லோரும் தத்தம் பள்ளி ஆறாம் வகுப்பில் அந்த வாசிப்பும் கணக்கும் செய்து நோட்டோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே சுற்றறிக்கையில் போடச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். போட்டுத் தருவார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இதற்குச் செலவு கிடையாது. அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் நோட்டைத் திறந்து காட்டி, எதைச் செய்து பார்த்தீர்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்வது. அதற்கு பிபிடி தேவைப்படாது. நோட்டு கொண்டு வராமல் வந்தவர் இருந்தால், பக்கத்துப் பள்ளி ஆறாம் வகுப்புக்கு அவரை அழைத்துப்போய் முதலில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.